ரெண்டு நாள் பயிற்சியும் ஒரு ராத்திரிப் பழியும்

இன்னைக்கு வழக்கமான ஊர்க்கதை, சாப்பாட்டுக் கதை எல்லாம் கிடையாது. வயிறு எரியுது, எழுதியே ஆகணும்.

மேட்டர் இதுதான். பொட்டி தட்டுற கம்பெனிகள்ல 'ஹேண்ட்ஸ்-ஆன் டிரெயினிங்' என்ற பேரில் ஒரு சடங்கு நடக்கிறது. அது கத்துக் கொடுக்கறதுக்காக நடக்கறது இல்லை. நாளைக்கு ஏதாவது உடைஞ்சா, "உனக்குத்தான் பயிற்சி கொடுத்தாச்சே" என்று சொல்லிக் கைகழுவறதுக்காக நடக்குது. ஏதோ கோபத்துல உளர்றான்னு நினைக்காதீங்க. கண்ணால பார்த்ததைச் சொல்றேன். அதுவும் என் சொந்த ஊர்லயே.

என் ஊர் நாட்றாம்பாளையம். தெரியாதவங்களுக்கு: ஓசூர்ல இருந்து தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து அஞ்செட்டி, அப்புறம் காட்டு வழியா ஒகேனக்கல் போற ரோட்டில் வரும். இன்னைக்கு கிருஷ்ணகிரி மாவட்டம், 2004க்கு முன்னாடி தர்மபுரி மாவட்டம். ராகி, கொள்ளு, ராத்திரியானா யானை பயம். சிக்னல் கிடைக்கிறது அவங்கவங்க அதிர்ஷ்டம்.

எங்க கம்பெனி (பேர் எதுக்கு, வேலை முக்கியம்) பெங்களூர் பக்கம் இருக்கு. எங்க டீம்ல 14 பேர். போன வருஷம் டமேஜர் கூப்பிட்டு, "உங்க ஊர்ப்பக்கம் ஏதாவது இடம் இருக்கா? ரெண்டு நாள் குபெர்னெட்டிஸ் டிரெயினிங்கும் முடிஞ்ச மாதிரி, ஒகேனக்கலும் பார்த்த மாதிரி இருக்கும்" என்றார். நம்ம ஊருக்கு சாஃப்ட்வேர் கும்பல் வருதேங்கற பெருமையில நானும் மாமாவோட தோட்டத்து வீட்டைக் காட்டினேன். அந்தப் பாவம் என்னுது.

குபெர்னெட்டிஸ்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு ரெண்டு வரி. ஒரு புரோகிராமையும் அது ஓடத் தேவையான சாமான்களையும் ஒரே பொட்டியில் போட்டுக் கட்டினா அது கன்டெய்னர். 2013ல டாக்கர் வந்ததும் இந்தப் பொட்டி கட்டற வேலை எல்லாருக்கும் சுலபமாச்சு. பொட்டி நூறு, ஆயிரம்னு ஆனதும் அதையெல்லாம் எந்த மெஷின்ல ஏத்தறது, ஒண்ணு செத்தா யார் பார்க்கறது? அதைப் பார்த்துக்கற மேஸ்திரிதான் குபெர்னெட்டிஸ். கிரேக்க மொழியில சுக்கான் பிடிக்கிறவன்னு அர்த்தம். கூகிள் தன் வீட்டுக்குள்ளே போர்க்னு ஒண்ணு வச்சு வருஷக்கணக்கா கத்துக்கிட்ட பாடத்தை வச்சுப் புதுசா எழுதி, 2014 ஜூன்ல வெளியே விட்டது. 1.0 வந்தது 2015 ஜூலையில. அந்த 2014ல கூகிள் வாரத்துக்கு 200 கோடி கன்டெய்னர் கிளப்பறதா அவங்களே சொன்னாங்க. எங்க டீம்கிட்ட இருந்தது மொத்தம் 9 சர்வீஸ். சரி, அந்தக் கொடுமையை இன்னொரு பதிவுல பார்ப்போம் :-)

ஆக, சனிக்கிழமை காலையில 14 பேரும் மாமா வீட்டுத் திண்ணையில லேப்டாப்போட உட்கார்ந்தாச்சு. பயிற்சி கொடுக்க வெளியே இருந்து ஒருத்தர் வந்திருந்தார். நல்ல மனுஷன், சரளமான இங்கிலீஷ். முதல் ரெண்டு மணி நேரம் படம் காட்டினார். அப்புறம், "இதை அப்படியே காப்பி பண்ணி ஒட்டுங்க" என்றார். ஒட்டினோம். பச்சை வந்தது. அடுத்ததையும் ஒட்டினோம். "புரிஞ்சுதா?" என்றார். தலையாட்டினோம். இதுக்குப் பேர்தான் ஹேண்ட்ஸ்-ஆன். கையில இருந்த வேலை கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி மட்டும்தான்.

மத்தியானம் ஒரு அதிசயம் நடந்தது. எல்லார் திரையிலும் ஒரே நேரத்துல சிவப்பு. 'இமேஜ்புல்பேக்ஆஃப்' என்று ஒரு வார்த்தை. அதாவது, மேஸ்திரி பொட்டியைக் கொண்டுவரச் சொல்றார், கிடங்குல இருந்து பொட்டி வரமாட்டேங்குது, கொஞ்சம் கொஞ்சமா இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கார்.

ஏன் வரலை? டாக்கர் ஹப்னு ஒரு பொதுக் கிடங்கு. லாகின் இல்லாம இழுக்கறவங்களுக்கு, ஒரு ஐபி முகவரிக்கு இவ்வளவுதான்னு 2020 நவம்பர்ல இருந்து ரேஷன் வச்சிருக்காங்க. நாங்க 14 பேரும் ரெண்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருந்தோம். கிடங்குக்காரன் கண்ணுக்கு நாங்க எல்லாருமே ஒரே ஆள். சிக்னல் அறுந்து அறுந்து திரும்ப இழுத்ததும் கணக்குல ஏறிடுச்சு. ரேஷன் தீர்ந்தது.

யோசிச்சுப் பாருங்க. எவ்வளவு அருமையான பாடம்! காசு கொடுத்தாலும் கிடைக்காது. நிஜமான தப்பு, நிஜமான காரணம், தானா நடந்து திண்ணைக்கே வந்திருக்கு. 'டிஸ்க்ரைப்' என்று ஒரு கட்டளை. அதை அடிச்சா கடைசியில 'ஈவென்ட்ஸ்'னு ஒரு பகுதி வரும். என்ன நடந்தது, ஏன் நின்னுதுன்னு அங்கே எழுதியிருக்கும். அதைப் படிக்கச் சொல்லி, "ஏன்னு நீங்களே கண்டுபிடிங்க"ன்னு ஒரு மணி நேரம் விட்டிருந்தா, அந்த ரெண்டு நாளுக்கும் சேர்த்து அதுவே போதும்.

அவர் என்ன செஞ்சார் தெரியுமா? "நெட்வொர்க் இஷ்யூ. எல்லாரும் என் ஸ்க்ரீனைப் பாருங்க" என்றார். தன் லேப்டாப்ல முன்னாடியே பதிவு பண்ணி வச்சிருந்த வீடியோவைப் போட்டார். அதுல எல்லாம் பச்சை. கடைசியில ஒரு பொன்மொழி: "இதுல பெரிய சௌகரியம் என்னன்னா, பாட் ஏதாவது மக்கர் பண்ணினா டெலீட் பண்ணிடுங்க. தானா திரும்ப வந்துடும்." (கன்டெய்னர் குடியிருக்கிற வீட்டுக்குப் பேர் பாட்.)

நான் ஓரமா உட்கார்ந்து டிஸ்க்ரைப் அடிச்சுப் பார்த்தேன். காரணம் தெளிவா இருந்தது. யார்கிட்டயும் சொல்லலை. அடுத்தவர் வகுப்புல மூக்கை நுழைக்கக் கூடாதுங்கற மரியாதை. மண்ணாங்கட்டி மரியாதை.

சாயங்காலம் மாமா கேட்டார்: "என்ன மாப்ள, கன்டெய்னர் கன்டெய்னர்னு பேசறாங்களே, ஓசூர் ரோட்ல போகுதே அந்த லாரியா?"

"இல்லை மாமா. ராகிக் காவலுக்கு மூணு பரண் போட்டு மூணு பேரை ஏத்தறோம் இல்ல, ஒருத்தன் இறங்கிப் போயிட்டா மேஸ்திரி இன்னொருத்தனை ஏத்தி விடணும். எப்பவும் மூணு பேர் இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு."

"ஏத்தற புது ஆளு தோட்டத்துக்கே வந்து சேரலைன்னா?"

"அதான் மாமா மத்தியானம் ஆச்சு."

"அதுக்கு என்ன பண்ணாங்க?"

"சினிமா போட்டாங்க மாமா."

அவர் சிரிச்சுட்டு, "புதுசா காவலுக்கு வர்ற பையனைத் தனியா ஏத்த மாட்டோம் மாப்ள. யானை வர்ற சீசன்ல பழைய ஆளு கூட நாலு ராத்திரி உட்காரணும். பகல்ல யானை கதை சொல்லி ஆளை ஏத்தினா, ராத்திரி அவன் என்ன செய்வான்?" என்றார். நான் அதை அப்போ பெருசா எடுத்துக்கலை.

மறுநாள் ஒகேனக்கல். பரிசல், மீன் வறுவல், குரூப் போட்டோ. கிளம்பும்போது வருகைத்தாள்ல 14 கையெழுத்து. ஆளுக்கொரு சான்றிதழ். டமேஜர் மேலிடத்துக்கு அனுப்பின மெயில்ல, "100 சதவீதம் பயிற்சி முடிந்தது." சுபம்.

சுபம் இல்லை. இனிமேதான் இருக்கு.

எங்க டீம்ல ஒரு தம்பி. அஞ்செட்டிப் பக்கம் ஒரு சின்ன கிராமம். குடும்பத்துல முதல் பட்டதாரி. வேலையில கெட்டி. ஆனா அந்த ரெண்டு நாளும் வாயைத் திறக்கலை. அப்புறம் ஒருநாள் கேட்டதுக்கு, "சந்தேகம் தமிழ்ல வருதுண்ணா, அதை இங்கிலீஷ்ல மாத்தறதுக்குள்ள அவர் அடுத்த ஸ்லைடுக்குப் போயிடறாரு" என்றான். தம்பி மட்டும் இல்லை, டீம்ல பாதிப் பேர் அப்படித்தான். சிலருக்குக் கன்னடத்துல வரும், சிலருக்குத் தெலுங்குல.

பயிற்சி முடிஞ்சு ஆறாவது வாரம் ராத்திரிக் காவலுக்கு, அதாவது ஆன்-கால் முறைக்கு, அவன் பேரைப் போட்டாங்க. தனியா. "டிரெயினிங் முடிச்சாச்சே!"

அன்னைக்கு சாயங்காலம் வேற டீம்ல யாரோ எங்க சொந்தக் கிடங்கோட பாஸ்வேர்டை மாத்தினாங்க. எங்களுக்குச் சொல்லலை. ஓடிக்கிட்டிருந்த பாட் எல்லாம் ஏற்கெனவே ஏறினது, அதனால ஒண்ணும் தெரியலை. ராத்திரி ஒன்றரைக்கு ஒரு மெஷின் படுத்துது. அதுல இருந்த 2 பாட் போச்சு. மேஸ்திரி புதுசா 2 ஏத்தப் பார்த்தார், கிடங்குக் கதவு திறக்கலை. தம்பி திரையில அதே வார்த்தை: இமேஜ்புல்பேக்ஆஃப்.

அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். டெலீட் பண்ணு, தானா வரும். பண்ணினான். வரலை. மீதி 4 பாட் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்தது. எல்லாத்தையும் ஒரு தட்டு தட்டினா சரியாகும்னு நினைச்சு அதையும் ஒவ்வொண்ணா டெலீட் பண்ணினான். எங்க அமைப்புல ஒவ்வொரு தடவை ஏத்தும்போதும் கிடங்குல கேட்டுத்தான் ஏத்தணும்னு வச்சிருந்தாங்க. போன நாலும் திரும்ப வரலை. சர்வீஸ் மொத்தமா அவுட்.

எனக்குத்தான் முதல்ல போன் போட்டிருக்கான். நான் ஊர்ல மாமா தோட்டத்துல இருந்தேன். சிக்னல் இல்லை. அஞ்சு மணிக்கு எந்திரிச்சு மேட்டுப் பக்கம் போனதும் மெசேஜா கொட்டுச்சு. கூப்பிட்டேன். குரல் நடுங்குது பையனுக்கு.

"பதறாதப்பா. டிஸ்க்ரைப் அடி. கடைசியில ஈவென்ட்ஸ்னு இருக்கும், படி."

படிச்சான். "அன்ஆதரைஸ்டுன்னு இருக்குண்ணா."

"கிடங்கு பாஸ்வேர்டு மாறியிருக்கு. புதுசு கேட்டு வாங்கி மாத்து."

அந்த டீம் ஆளை எழுப்பி, புது பாஸ்வேர்டு போட்டு, எல்லாம் பச்சையாக 10 நிமிஷம். மூணரை மணி நேரமா உயிரை விட்ட பிரச்சினைக்கு 10 நிமிஷம். போனை வைக்கறதுக்கு முன்னாடி கேட்டான்:

"அண்ணா, இது அன்னைக்கு நம்ம ஊர்த் தோட்டத்துல வந்த அதே எரர்தானே?"

நான் என்ன பதில் சொல்ல?

அடுத்த நாள் மீட்டிங். பாஸ்வேர்டு மாத்தினவங்க சொல்லாம மாத்தினது பத்தி ஒரு வரி. ராத்திரிக்கு ரெண்டாவது ஆள் இல்லாதது பத்தி அரை வரி. மீதி நேரம் பூரா தம்பிதான். ஓடிக்கிட்டிருந்ததை ஏன் டெலீட் பண்ணினே? அப்போ திரையில என்ன காட்டினாங்க தெரியுமா? வருகைத்தாள். நாட்றாம்பாளையம், தேதி, அவன் கையெழுத்து. "யூ வேர் டிரெயின்ட், ரைட்?" அவன் தலையைக் குனிஞ்சுகிட்டு "எஸ்" என்றான். அந்த மாசமே பேப்பர் போட்டுட்டான்.

அன்னைக்குத்தான் எனக்கு விளங்கிச்சு. அந்தத் திண்ணையில நாங்க போட்ட கையெழுத்து கத்துக்கிட்டோம்னு இல்லை. தப்பு நடந்தா அது எங்க தலையிலதான்னு எழுதிக் கொடுத்த கடன் பத்திரம்.

"அதெல்லாம் அவங்கவங்க தானா படிச்சுக்கணும் பாஸ், நெட்ல எல்லாம் இருக்கு"ன்னு சொல்ற புத்திசாலிகளுக்கு ஒரு கேள்வி. தானா படிச்சுக்கறதுன்னா அப்புறம் வருகைத்தாள் எதுக்கு? பெருமை மட்டும் கம்பெனிக்கு, பொறுப்பு மட்டும் பையனுக்கா?

"ரெண்டு நாளைக்கு மேல நேரம் இல்லை"ன்னு சொல்றவங்களுக்கு எங்க ஓசூரையே காட்டறேன். 1984ல டிட்கோவும் டாடாவும் சேர்ந்து டைட்டன் ஆரம்பிச்சாங்க. கடிகாரம் செய்யத் தெரிஞ்ச ஆள் அப்போ ஓசூர்ல ஏது? பள்ளிப் படிப்பு முடிச்ச கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து, பயிற்சி கொடுத்து, மைக்ரான் கணக்குல வேலை செய்ய வச்சாங்க. ரெண்டு நாள்ல இல்லை. சாஃப்ட்வேர்லயே வேணுமா? ஸோஹோ, பழைய பேர் அட்வென்ட்நெட்டா இருந்த 2000களின் நடுவுலயே, பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடிச்ச பிள்ளைகளை எடுத்து, ஃபீஸ் வாங்காம, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தர ஆரம்பிச்சது. அங்கே கணக்கு வருஷத்துல, நாள்ல இல்லை. ஐடிஐல ஃபிட்டர் படிக்கிறவனைக் கேளுங்க. ரெண்டு வருஷப் படிப்பு. ஆரம்பத்துல அரத்தைக் கையில கொடுத்து இரும்பைத் தேய்க்க விடுவாங்க. வளைச்சுக் கெடுப்பான், திரும்பத் தேய்ப்பான். கெட்டுப்போன இரும்பு பயிற்சிச் செலவு. அதுக்காக யாரும் அவனைக் கூண்டுல ஏத்தறது இல்லை.

குபெர்னெட்டிஸ் உலகத்துக்கே இது தெரியும். சி.கே.ஏ.ன்னு ஒரு சான்றிதழ்த் தேர்வு இருக்கு. ரெண்டு மணி நேரம். அ, ஆ, இ, ஈ-ல டிக் அடிக்கிறது இல்லை. கட்டளை அடிச்சு வேலை செஞ்சு காட்டணும். அதிகாரப்பூர்வ ஆவணத்தைப் பார்த்துக்கலாம், தப்பில்லை. அதுல உடைஞ்சதைச் சரிபண்றதுக்கு மட்டும் 30 சதவீத மார்க். எங்க ரெண்டு நாள்ல அதுக்கு ஒதுக்கின நேரம் பூஜ்யம். வந்த ஒரு வாய்ப்பையும் வீடியோ போட்டு மூடினோம்.

நெட்ஃபிளிக்ஸ் 'கேயாஸ் மங்கி'ன்னு ஒரு குரங்கையே வளர்த்தான். ஓடற மெஷினை வேணும்னே கவிழ்க்கறதுதான் அந்தப் புரோகிராமோட வேலை. 2012ல எல்லாருக்கும் இலவசமா வெளியே விட்டான். கூகிள் ஆட்கள் எழுதி 2016ல வந்த எஸ்.ஆர்.இ. புத்தகம் நெட்ல ஓசியிலயே கிடைக்குது. தப்பு நடந்தா ஆளைத் தேடாதே, அமைப்புல எங்கே ஓட்டைன்னு தேடுன்னு அதுல ஒரு அத்தியாயமே இருக்கு. பழைய விபத்தை எடுத்து, புதுசா வந்தவனை நடுவுல உட்கார வச்சு, "இப்போ நீ என்ன பண்ணுவே?"ன்னு விளையாட்டு மாதிரி நடத்தறதையும் எழுதியிருக்காங்க. மாமா சொன்ன பரண் கதையும் அதேதான். கூகிள்கிட்ட இருந்து டூலை மட்டும் வாங்கிட்டு, கூட வந்த பழக்கத்தை வாசல்லயே விட்டுட்டு வந்துட்டோம்.

சும்மா திட்டிட்டுப் போறது என் வழக்கம் இல்லை. என்ன செய்யலாம்னும் சொல்லிடறேன்.

1. பயிற்சியில பாதி நேரம் உடைக்கறதுக்கு. பேரைத் தப்பா எழுது, பாஸ்வேர்டை மாத்து, மெஷினை அணை. அப்புறம் கண்டுபிடி. இதுக்குப் பெரிய கிளவுட் எல்லாம் வேணாம். மினிக்யூபோ கே3எஸ்ஸோ இருந்தா ஒரு சாதா லேப்டாப் போதும். இமேஜை எல்லாம் முன்னாடியே இறக்கி வச்சுக்கிட்டா எங்க ஊர் சிக்னல்லயே நடத்தலாம்.

2. சந்தேகம் எந்த மொழியில வருதோ அந்த மொழியில கேட்கணும். எங்க பக்கம் சந்தையில தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே கடையில ஓடுது. தக்காளி வாங்க முடியுது, பாட் பத்திப் பேச முடியாதா? ஒரே மொழிக்காரங்களை ரெண்டு ரெண்டு பேரா உட்கார வச்சாலே பாதிப் பிரச்சினை தீரும். கட்டளை இங்கிலீஷ்ல இருக்கட்டும், காரணம் தாய்மொழியில புரியட்டும்.

3. ராத்திரி முறைக்குப் புது ஆளைத் தனியா போடாதே. பழைய ஆள் கூட நாலு வாரம்.

4. வருகைத்தாளை மீட்டிங்ல காட்டறவங்க, அந்த ரெண்டு நாள்ல என்ன சொல்லிக் கொடுத்தாங்கங்கறதையும் சேர்த்துக் காட்டணும்.

இதையெல்லாம் அந்த மீட்டிங்லயே சொல்லியிருக்கணும். சொல்லலை. டமேஜர், டிரெயினர் எல்லாரையும் திட்டிட்டு என்னை விட்டுட்டா நியாயம் இல்லை. இடம் பிடிச்சுக் கொடுத்தவன் நான். திண்ணையில காரணம் தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தவன் நான். வருகைத்தாளைத் திரையில போட்டப்போ, "அன்னைக்கு இதே எரர் வந்தது, நாம வீடியோ பார்த்தோம்"னு ஒரு வாக்கியம் சொல்லியிருந்தா போதும். இ.எம்.ஐ. கண்ணு முன்னாடி வந்தது, பேசாம இருந்துட்டேன்.

தம்பி இப்போ வேற இடத்துல இருக்கான். நல்லா இருக்கான். போன வாரம் பேசினப்போ, அங்கே ராத்திரி முறைக்கு ரெண்டு பேராம். "புதுசா வந்த பொண்ணுக்கு முதல்ல டிஸ்க்ரைப்தான் சொல்லிக் கொடுத்தேண்ணா" என்றான்.

எங்க ஆபீஸ்ல அடுத்த மாசம் இன்னொரு டிரெயினிங்காம். இடம் கேட்டு டமேஜர் மறுபடி என்கிட்டதான் வந்தார். "இடம் தர்றேன் சார், முதல் நாள் நான் உடைக்கறேன், அவங்க கண்டுபிடிக்கட்டும். ஒத்துக்கிட்டா சரி"ன்னு சொல்லியிருக்கேன். பதில் இன்னும் வரலை.

டிஸ்கி: மாமா தோட்டத்துல ஹாட்ஸ்பாட் இன்னமும் அதே லட்சணம்தான். யானையும் அதே யானைதான் :-)